கரு உண்டாவது வேறு, சினை பிடிப்பது வேறு: பன்றிக் கருவின் முதல் 2 வாரங்கள்

பன்றிக்குள் மனிதச் சிறுநீரகம், குளோனிங் பன்றி, மரபணு திருத்திய பன்றியின் இதயம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். மூன்றும் வேறுவேறு. ஆனால் மூன்றுக்கும் அடித்தளம் ஒன்று: பன்றியின் கரு எப்படி வளர்கிறது என்று பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவு.

அந்த அடித்தளத்தைப் பற்றியே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விந்தணுவும் முட்டையும் சேர்ந்தால் வேலை முடிந்தது, மீதியெல்லாம் தானாக நடக்கும் என்பது. பன்றியில் அப்படி இல்லை. முட்டை கருவுற்ற பிறகும் ஏறக்குறைய 2 வாரம் தாயின் உடல் தன்னைச் சினைப்பட்ட உடலாக நடத்துவதில்லை. அந்த 2 வாரத்துக்குள் கரு ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியது.

ஒரு விடுதி அறையை நினைத்துக்கொள்ளுங்கள்

விடுதியில் அறை எடுத்தால் காலி செய்யும் நேரம் ஒன்று இருக்கும். அந்த நேரம் நெருங்கும்போது, "நான் இன்னும் தங்குகிறேன்" என்று நாம்தான் வரவேற்பு மேசைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அறை காலி என்று எடுத்துக்கொண்டு, சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தயார் செய்துவிடுவார்கள். நாம் உள்ளேயே இருந்தாலும் தகவல் போகாதவரை அவர்களுக்கு அது தெரியாது.

பன்றியின் கருப்பையும் இப்படித்தான் இயங்குகிறது. உள்ளே யாரும் இல்லை என்பதுதான் அதன் வழக்கமான கணக்கு. ஆள் இருப்பதைச் சொல்ல வேண்டியது கருவின் பொறுப்பு.

21 நாள் சுழற்சி

சினையில்லாத பெண் பன்றி ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். பருவம் 2 அல்லது 3 நாள் நீடிக்கும். அதன் பிற்பகுதியில் சினைப்பையிலிருந்து முட்டைகள் வெளிவரும். பசுவில் பெரும்பாலும் ஒரே முட்டைதான். பன்றியில் 15 முதல் 25 வரை வரலாம், இனத்தையும் வயதையும் பொறுத்து.

ஒவ்வொரு முட்டையும் வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு சுரப்பி உருவாகும். இது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் கருப்பையைக் கரு தங்குவதற்கு ஏற்றபடி வைத்திருக்கிறது. பன்றியில் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். அது முடியும்வரை இந்தச் சுரப்பிகள் உயிரோடு இருந்தாக வேண்டும். இவை அழிந்தால் சினை கலைந்துவிடும்.

சினை இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு கருப்பையே இவற்றை அழித்துவிடும். கருப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்து சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததும் சுரப்பிகள் சுருங்கி மறைகின்றன, அடுத்த சுழற்சி தொடங்குகிறது. விடுதியில் சுத்தம் செய்ய ஆள் அனுப்புவது என்றோமே, உடலில் அது இதுதான்.

முதல் வாரம்: வளராமல் பிரிவது

விந்தணுவும் முட்டையும் சந்திப்பது கருப்பையில் அல்ல, கருக்குழாயில். வெளிவந்த முட்டை சில மணி நேரமே நல்ல நிலையில் இருக்கும் என்பதால் அது வருவதற்கு முன்பே விந்தணுக்கள் அங்கே காத்திருந்தால்தான் நல்லது. செயற்கைக் கருவூட்டலில் நேரத்தைக் கணிப்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான். நேரம் சரியாக அமைந்தால் வெளிவந்த முட்டைகளில் பெரும்பாலானவை கருவுற்றுவிடும். அதாவது, பன்றியில் சிக்கல் இந்த இடத்தில் அபூர்வம்.

கருவுற்ற முட்டை இரண்டாகவும் பிறகு நான்காகவும் பிரியும். முட்டையைச் சுற்றி ஒளி ஊடுருவும் உறை ஒன்று இருக்கிறது. எல்லாம் அதற்குள்ளேயே நடப்பதால் செல்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, கரு பெரிதாகாது. இரண்டாம் நாளை ஒட்டி, நான்கு செல் நிலையில், அது கருக்குழாயைவிட்டுக் கருப்பைக்குள் இறங்குகிறது.

அதே நான்கு செல் நிலையில்தான் இன்னொரு பெரிய மாற்றமும் நடக்கிறது. அதுவரை கரு தன் சொந்த மரபணுக்களைப் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை. தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்த புரதங்களையும் கட்டளைகளையும் வைத்தே ஓடுகிறது. நான்கு செல் ஆன பிறகுதான் கருவின் சொந்த மரபணுத் தொகுதி வேலையைக் கையில் எடுக்கிறது. எலியில் இது இரண்டு செல்லிலும், மாட்டில் எட்டு முதல் பதினாறு செல்லிலும் நடக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் கருக்களில் பல இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுவது உண்டு.

ஐந்தாம், ஆறாம் நாளில் கரு உள்ளே திரவம் நிறைந்த ஒரு பந்தாகிறது. இதற்குக் கருக்கோளம் என்று பெயர். இதில் செல்கள் முதல்முறையாக இரண்டு தரப்பாகப் பிரிகின்றன. வெளிச்சுவராக நிற்பவை ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள். இவற்றிலிருந்து பின்னால் நச்சுக்கொடியின் வெளிப்புறம் உருவாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கூட்டம் உட்செல் திரள். குட்டியின் உடல் முழுவதும் இதிலிருந்துதான் வரும். ஏழாம் நாள் வாக்கில் கரு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கிப் பார்ப்போம். முட்டை கருவுற்றது, பிரிந்தது, கருப்பைக்குள் வந்தது, கோளமானது, உறையைவிட்டு வெளியேறியது. இத்தனைக்குப் பிறகும் தாயின் சினைப்பைக்கு எந்தச் செய்தியும் போகவில்லை.

இரண்டாம் வாரம்: இடம் பிரித்துக்கொள்வது

பன்றியின் கருப்பைக்கு இரண்டு நீண்ட கொம்புகள் உண்டு. ஒவ்வொன்றும் குடல்போல மடிந்து மடிந்து கிடக்கும். கருக்கள் கொம்பின் நுனி வழியாக உள்ளே வருகின்றன. எல்லாம் அங்கேயே கூட்டமாக நின்றுவிட்டால் பின்னால் யாருக்கும் இடம் போதாது. அதனால் அவை ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை கருப்பை முழுக்கப் பரவுகின்றன. கருப்பைத் தசையின் சுருக்கங்கள்தான் அவற்றை நகர்த்துகின்றன. அந்தச் சுருக்கங்களைத் தூண்டுவதில் கருக்கள் சுரக்கும் பொருள்களுக்கும் பங்கு இருக்கிறது. இடது சினைப்பை முட்டையிலிருந்து வந்த கரு வலது கொம்பில் போய் உட்காருவது சகஜம். பன்னிரண்டாம் நாளில் பார்த்தால் இரண்டு கொம்புகளிலும் ஓரளவு சம இடைவெளியில் கருக்கள் பரவியிருக்கும்.

சில மணி நேரத்தில் நூலாவது

அடுத்து நடப்பதை நம்புவது கொஞ்சம் கடினம். பத்தாம், பதினோராம் நாளில் கரு ஒரு சிறிய உருண்டை, விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குள். பிறகு அது முட்டை வடிவமாகி, குழாயாகி, மெல்லிய நூலாக நீள்கிறது. கடைசிக் கட்டத்தில் மணிக்கு 30 முதல் 45 மில்லிமீட்டர் வேகத்தில் நீள்கிறது என்று அளந்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பதினாறாம் நாளில் அந்த நூல் ஒரு மீட்டரை நெருங்கலாம்.

இவ்வளவு வேகத்துக்குப் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. இருக்கிற ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களே தங்கள் வடிவத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டு நீள்கின்றன. செல்கள் பெருகுவது அதற்குப் பிறகு.

பன்னிரண்டாம் நாளில் கருப்பையைத் திரவத்தால் அலசிக் கருக்களை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்தால் இந்த மாற்றம் கண்முன்னே கிடக்கும். ஒரே தாயின் கருக்களிலேயே ஒன்று இன்னும் உருண்டையாக இருக்கும், இன்னொன்று குழாயாகியிருக்கும், மூன்றாவது ஈரமான வெள்ளை நூல்போலச் சுருண்டு கிடக்கும். பார்ப்பவர்கள் அதைக் கரு என்றே நினைக்க மாட்டார்கள், சளி என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த நூலின் நடுவில் ஓரிடத்தில் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு சிறு தட்டு இருக்கும். குட்டியாகப் போவது அந்தத் தட்டு மட்டும்தான்.

"நான் இங்கே இருக்கிறேன்"

நூலாக நீள்கிற அதே வேளையில், பதினோராம், பன்னிரண்டாம் நாளில், கரு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. வரவேற்பு மேசைக்குப் போகும் செய்தி இதுதான். தாயின் உடல் இதை உணர்ந்து சினையைத் தக்கவைக்கும் நிகழ்வுக்குத் தாய்மை அறிதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

செய்தி கிடைத்ததும் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதை நிறுத்திவிடும் என்று தோன்றும். உண்மையில் அது நிற்பதில்லை. சுரக்கும் திசைதான் மாறுகிறது. இதுவரை ரத்தத்துக்குள் போனது இப்போது கருப்பையின் உள்வெளிக்குள் போகிறது. அங்கேயே அடைபட்டுக் கிடப்பதால் சினைப்பையை எட்டுவதில்லை. கார்பஸ் லூட்டியம் பிழைத்துக்கொள்கிறது. 1977-இல் பேசர், தாட்சர் என்ற இருவர் முன்வைத்த இந்த விளக்கம்தான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

ஒரே ஒரு கரு இருந்தால் போதுமா? பெரும்பாலும் போதாது. கருப்பை நீளமானது. கருவின் செய்தி அது தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிக்குத்தான் நன்றாகக் கேட்கும். மீதிப் பகுதி காலி என்று நினைத்து புரோஸ்டாகிளாண்டினை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். 1966-இல் வெளியான ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வில் கருக்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் குறைந்தது நான்கு கருக்களாவது இருந்தால்தான் சினை பெரும்பாலும் நிலைக்கிறது என்று தெரிந்தது. கருக்கள் ஏன் பரவுகின்றன, ஏன் நூலாக நீள்கின்றன என்ற இரண்டு கேள்விக்கும் இங்கே ஒரு விடை கிடைக்கிறது: கருப்பையின் முடிந்தவரை அதிக இடத்தைத் தொட்டாக வேண்டும்.

சுருக்கமாக: கரு பரவுகிறது, நீள்கிறது, ஈஸ்ட்ரோஜன் அனுப்புகிறது, கருப்பை தன் புரோஸ்டாகிளாண்டினை உள்ளேயே தேக்கிக்கொள்கிறது, சுரப்பிகள் பிழைக்கின்றன. பன்றி சினை பிடித்தது என்று சொல்லத் தகுந்த இடம் இதுதான்.

செய்தி சரியான நாளில் வர வேண்டும்

சினையில்லாத பன்றிக்குப் பதினோராம் நாளிலிருந்து சில நாள் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால், உள்ளே கருவே இல்லாமல் அதன் உடல் பல வாரங்கள் சினைபோல நடந்துகொள்ளும். இது பொய்ச் சினை. ஈஸ்ட்ரோஜனின் பலத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான சோதனை தேவையில்லை.

ஆனால் அதே ஹார்மோன் இரண்டே நாள் முன்னதாக, ஒன்பதாம், பத்தாம் நாளில் வந்தால் கதை தலைகீழ். கருப்பை முன்கூட்டியே மாறிவிடும், கருக்கள் அதனோடு ஒத்துப்போக முடியாமல் சில நாளில் அழிந்துவிடும். பண்ணைக்காரர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் ஜீரலினோன் என்ற நச்சு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன்போலவே வேலை செய்யும். இனச்சேர்க்கை முடிந்த இரண்டாம் வாரத்தில் அது தீவனத்தில் இருந்தால், நன்றாகக் கருவுற்ற பன்றிகூட மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கும். பழி அநியாயமாகக் கிடாப்பன்றி மேலோ விந்து மேலோ விழும்.

பாடப்புத்தகத்தைத் திருத்தும் சோதனைகள்

கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி வந்த பிறகு இந்த விளக்கங்களை நேரடியாகச் சோதிக்க முடிகிறது. ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, அந்தக் கரு எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் இதில் முன்னணியில் இருக்கிறது.

நீளும் நேரத்தில் பன்றிக் கரு இன்டர்லியூக்கின் வகைப் புரதம் (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதம்) ஒன்றை ஏராளமாகச் சுரக்கிறது. 2018-இல் அதன் மரபணுவை முடக்கியபோது கருக்கள் கோளமாகும்வரை ஒழுங்காக வளர்ந்தன. ஆனால் நூலாக நீளவே இல்லை.

அடுத்த சோதனைதான் எல்லாரையும் யோசிக்க வைத்தது. கரு ஈஸ்ட்ரோஜனே தயாரிக்க முடியாதபடி செய்தார்கள். பழைய விளக்கத்தின்படி கார்பஸ் லூட்டியம் உடனே அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. கருக்கள் நீண்டன, சுரப்பிகளும் முதலில் பிழைத்தன. ஆனால் ஒரு மாதத்தை ஒட்டி அந்தச் சினைகள் கலைந்துபோயின. அப்படியென்றால் ஈஸ்ட்ரோஜன் அவசியம்தான், ஆனால் முதல் செய்தியை அது மட்டுமே தூக்கிச் செல்லவில்லை. கருவிடம் வேறு குரல்களும் இருக்கின்றன. 40 ஆண்டுக்கு மேல் நின்ற ஒரு விளக்கம் பொய்யாகாமல், இன்னும் நுட்பமாகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பாதை தவறும் கருக்கள்

கருவுற்ற முட்டைகள் எல்லாம் குட்டிகளாவதில்லை. முதல் மாதத்துக்குள் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் கருக்கள் இழக்கப்படுகின்றன, அதிலும் பெரும்பகுதி நாம் பார்த்த அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான். ஒரு காரணம், கருக்களுக்குள் இருக்கும் வேக வித்தியாசம். முந்திக்கொண்ட கரு ஈஸ்ட்ரோஜன் அனுப்பியதும் கருப்பை அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. பின்தங்கிய கருவுக்கு அந்தச் சூழல் பொருந்துவதில்லை. சீனாவின் மெய்ஷான் இனப் பன்றிகள் அதிகக் குட்டி போடுவதற்குப் பெயர்போனவை. அவற்றின் கருக்கள் மெதுவாக வளர்ந்து, குறைவாக ஈஸ்ட்ரோஜன் சுரக்கின்றன. அதனால் கூடப் பிறக்க வேண்டியவை பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

ஆய்வகத்தில் ஏன் இவ்வளவு சிரமம்?

பன்றி முட்டையை உடலுக்கு வெளியே முதிர வைத்து, கருவூட்டி, குட்டி பிறக்க வைத்தது 1989-இல். அன்றிலிருந்து இன்றுவரை விடாமல் துரத்தும் சிக்கல், ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைந்துவிடுவது. உடலுக்குள் கருக்குழாய் விந்தணுக்களைச் சிறிது சிறிதாகத்தான் முட்டையிடம் விடுகிறது. ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பல விந்தணு நுழைந்த முட்டையில் மரபுப்பொருள் மிஞ்சிப்போய், வளர்ச்சி பெரும்பாலும் கெட்டுவிடும்.

இன்னொன்று கொழுப்பு. நுண்ணோக்கியில் எலி முட்டை தெளிவாகத் தெரியும், பன்றி முட்டையோ உள்ளே எதுவும் தெரியாதபடி கருத்திருக்கும். அத்தனையும் கொழுப்புத் துளிகள். இந்தக் கொழுப்பால்தான் பன்றிக் கருவை உறைய வைத்துப் பாதுகாப்பது கடினமாக இருந்தது. கொழுப்பை ஓரமாக ஒதுக்கி உறிஞ்சி எடுத்துவிட்டால் கரு குளிரைத் தாங்குகிறது என்று 1995-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன செய்திகளுக்கு வரலாம்.

குளோனிங் என்றால் நகல் எடுப்பது. ஒரு முட்டையின் உட்கருவை நீக்கிவிட்டு, வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து உட்கருவை அங்கே வைக்கிறார்கள். டாலி என்ற ஆடு 1996-இல் பிறந்துவிட்டது, முதல் குளோனிங் பன்றிகள் பிறந்தது 2000-இல். தாமதத்துக்கு ஒரு காரணம் நமக்கு இப்போது தெரியும்: பலவீனமான நகல் கரு ஒன்றிரண்டை வைத்தால் தாயின் உடல் அவற்றைக் கணக்கில் எடுக்காது. அதனால் ஒரே தாய்க்குள் நூற்றுக்கு மேல் வைப்பதும் உண்டு.

மரபணுத் திருத்தம் என்றால் ஏற்கெனவே இருக்கும் மரபுக்குறிப்பில் சில இடங்களை மாற்றுவது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு மனிதருக்குப் பொருத்திய இதயம் 10 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியினுடையது. அது பன்றி இதயம்தான். மனித உடல் அதை உடனே நிராகரிக்காமல் இருக்கத்தான் மாற்றங்கள். பன்றிகளை வாட்டும் பிஆர்ஆர்எஸ் வைரஸ் தொற்றாதபடி திருத்திய பன்றிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் அனுமதி கொடுத்ததும் இந்த வகையில் சேரும்.

கைமேரா என்றால் இரு வேறு உயிர்களின் செல்கள் கலந்து ஒரே உடலாவது. "பன்றிக்குள் மனிதச் சிறுநீரகம்" இந்த வகை. 2017-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனம் மனித ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை) பன்றிக் கருவுக்குள் செலுத்திப் பார்த்தபோது, மனிதச் செல் லட்சத்தில் ஒன்று என்ற அளவுகூட இல்லை. 2023-இல் சீனாவின் குவாங்சோ நகரத்துக் குழு, சிறுநீரகம் உருவாகத் தேவையான இரண்டு மரபணுக்களைப் பன்றிக் கருவில் முடக்கி, அந்தக் காலியிடத்தில் மனிதச் செல்களை விட்டது. 28 நாள் வரை வளர விட்ட அந்தக் கருக்களின் தொடக்கநிலைச் சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் மனிதச் செல்கள். குட்டி எதுவும் பிறக்கவில்லை, பிறக்க விடவும் இல்லை.

மனிதக் கருவைப் புரிந்துகொள்ளப் பன்றி எதற்கு?

அந்த நூலின் நடுவில் இருந்த சிறு தட்டு நினைவிருக்கிறதா? உடலின் தலை எது, வால் எது, முதுகு எது என்று முடிவாவது அதில்தான். எலியில் இந்தப் பகுதி கிண்ணம்போல வளைந்திருக்கும். பன்றியிலும் மனிதரிலும் அது தட்டையானது. மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்ற விதி பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. உடலின் அடிப்படை வரைபடம் மனிதரில் உருவாகத் தொடங்குவதோ அந்த நேரத்தை ஒட்டி. பன்றியில் அதே கட்டத்தைக் கருப்பையிலிருந்து எடுத்து நேரடியாகப் பார்க்க முடியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பன்றியைக் கேட்க முடியாது. மனிதக் கரு கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே புதைகிறது. பன்றிக் கரு அப்படிப் புதைவதே இல்லை. பதின்மூன்றாம், பதினான்காம் நாளிலிருந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். நச்சுக்கொடியிலும் தாயின் திசு அடுக்குகள் சிதையாமல் அப்படியே நிற்கின்றன. இத்தனை அடுக்குகளைத் தாண்டித் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் பன்றிக்குட்டி பிறந்த முதல் நாளிலேயே வயிறு நிறையச் சீம்பால் குடித்தாக வேண்டும். அதன் குடல் அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடுவது ஏறக்குறைய ஒரு நாள், ஒன்றரை நாள்தான்.